பழைய அம்பாசடருக்கு எந்த ப்ளக் ஒயர்?

நீங்கள் கேட்டதை ஒரு தடவை சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் புரியட்டும். 1978 மாடல் அம்பாசடர் மார்க் 3, பெட்ரோல், அப்பா ஓட்டிய வண்டி. மழை பெய்த மறுநாள் காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது, ஸ்டார்ட் ஆன பிறகும் பத்து நிமிஷம் மிஸ்ஸிங் அடிக்கிறது, வெயில் ஏறியதும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. ப்ளக் மாற்றியாயிற்று, கார்புரேட்டர் கழுவியாயிற்று. மெக்கானிக் "காப்பர் ஒயர் போடுங்க, அதுதான் ஒரிஜினல்" என்கிறார். கடைக்காரரோ சிவப்பு நிறத்தில் 8 மி.மீ. சிலிக்கான் ஒயர் செட்டை எடுத்துப் போட்டு "இதை மாட்டுங்க, பிக்கப் எப்படித் தூக்குதுன்னு பாருங்க" என்கிறார். இதற்கு நடுவில் பாயிண்ட்டை (பொறி விடும் நேரத்தைத் தீர்மானிக்கும் சின்ன ஸ்விட்ச்) கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா என்ற யோசனையும் உங்களுக்கு இருக்கிறது.

மெக்கானிக் சொல்வது பாதி சரி. கடைக்காரர் சொல்வதில் கால்வாசி கூடத் தேறாது. ஒயர் வாங்குமுன் பார்க்க வேண்டியது இரண்டே விஷயம்தான்: உங்கள் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பில் (பேட்டரி வோல்டேஜை உயர்த்தித் தரும் காயிலிலிருந்து வருவதை ப்ளக் ஒயர்கள் வழியாக ஒவ்வொரு ப்ளக்குக்கும் பிரித்துவிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி) ஒயர் எப்படி நுழைந்து பிடித்துக்கொள்கிறது, கேப்புக்கு உள்ளே இருப்பது பாயிண்ட்டா எலக்ட்ரானிக் சென்சாரா. நிறமும் தடிமனும் டப்பாவில் போட்டிருக்கும் பந்தயக் கார் படமும் இந்தக் கணக்கில் வராது.

ப்ளக் ஒயர் என்றதும் பேட்டரி ஒயர் மாதிரி நினைத்துக்கொள்கிறோம், தடியாக இருந்தால் கரண்ட் நிறையப் போகும், செம்பாக இருந்தால் இன்னும் நன்றாகப் போகும் என்று. பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் ஒயரில் அது உண்மை, அங்கே நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடுகிறது. ப்ளக் ஒயரில் தீப்பொறி எரியும்போது ஓடுவது ஒரு ஆம்பியரில் நூற்றில் சில பங்குதான், சொல்லப்போனால் முப்பது நாற்பது மில்லிஆம்பியர். அதற்கு எவ்வளவு மெல்லிய கம்பி இருந்தாலும் போதும். ஆனால் வோல்டேஜ் வேறு கதை. ப்ளக் முனையில் பொறி பாயச் சாதாரணமாக ஐந்தாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் வோல்ட் வரை ஏற வேண்டும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்னும் கூடும், பாயிண்ட் வைத்த பழைய காயில் முக்கினால் இருபது, இருபத்தைந்தாயிரம் தரும். இவ்வளவு வோல்டேஜ் ஒரு ஒயருக்குள் அடங்கி இருக்க வேண்டும், வழியில் எங்கேயும் ஒழுகக் கூடாது. அதனால் ப்ளக் ஒயரின் முக்கியமான பாகம் உள்ளே இருக்கும் கம்பி இல்லை, வெளியே இருக்கும் உறைதான். அதற்கு அடுத்தது இரண்டு முனைகள். கம்பி மூன்றாவது இடம்தான்.

உங்கள் வண்டியின் நோயும் இதைத்தான் காட்டுகிறது. ஈரம் இருந்தால் மிஸ்ஸிங், காய்ந்தால் சரி என்றால் எங்கோ ஒழுகுகிறது. உறை முதுமையில் காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விட்டிருக்கும், அதன்மேல் பல வருஷத்துத் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருக்கும். வெயில் நாளில் அந்தத் தூசி கரண்ட்டைக் கடத்தாது, ஈரம் பட்டால் கடத்தும். ப்ளக்கின் இடைவெளியைத் தாண்டுவதைவிட அந்த ஈரப் பாதையில் இன்ஜின் பாடிக்கு ஓடிவிடுவது சுலபம் என்றால், பொறி அங்கேதான் போகும்.

எனக்கு இது புத்தியில் ஏறியது என் பத்மினி வண்டியில். ஒரு ஜூன் மாதம், பாலக்காட்டிலிருந்து கோவைக்குத் திரும்பி வரும்போது வாளையார் பக்கத்தில் நல்ல மழை, வண்டி முக்கி முனகி மூன்று சிலிண்டரில் ஓடுகிறது. அதற்கு முந்தைய வாரம்தான் ப்ளக், பாயிண்ட், கண்டென்சர் எல்லாம் புதிதாகப் போட்டிருந்தேன், கார்புரேட்டர் ஜெட் வரைக்கும் ஊதியாயிற்று. ஓரமாக நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டபடியே பானெட்டைத் தூக்கினேன். கையில் டார்ச் இல்லை. அது இல்லாததுதான் நல்லதாகப் போயிற்று. கும்மிருட்டில், ஒரு ஒயரைப் பிடித்திருந்த தகரக் கிளிப்புக்கும் அந்த ஒயருக்கும் நடுவே ஊசிமுனை அளவு நீல வெளிச்சம், டிக் டிக் டிக் என்று ஒரு சத்தத்தோடு. கிளிப்பின் விளிம்பு பல வருஷமாக உரசி உரசி உறையில் ஒரு பள்ளம் போட்டிருந்தது. இன்ஜினை நிறுத்தி, ஒயரைக் கிளிப்பிலிருந்து உருவி, எதிலும் படாமல் தொங்கவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தேன், நாலு சிலிண்டரும் பேசின. ஒரு வாரம் வேறு எதையெல்லாமோ மாற்றிக்கொண்டிருந்த ஆத்திரம் வீடு வந்து சேரும் வரைக்கும் தீரவில்லை.

அதனால் கடைக்குப் போகுமுன் இதை ஒரு ராத்திரி நீங்களும் செய்து பாருங்கள். லைட் எல்லாம் அணைத்த இடத்தில் வண்டியை நிறுத்தி ஐடிலில் ஓடவிட்டு, செடிக்குத் தெளிக்கும் சின்ன ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீரைப் பனி மாதிரி ஒயர்கள் மேலும் கேப்பின் மேலும் அடியுங்கள். நல்ல செட் என்றால் ஒன்றும் ஆகாது. போன செட் என்றால் தீபாவளிதான். அம்பாசடரில் ஃபேன் பெல்ட்டில் ஓடுவது, இன்ஜின் ஓடும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும், வேட்டி, துண்டு, கழுத்தில் தொங்கும் ஐ.டி. கார்டு எதுவும் கிட்டே போகக் கூடாது. ஒயரை எக்காரணம் கொண்டும் கையால் தொடாதீர்கள், நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த வேலைக்குப் பக்கத்திலேயே வர வேண்டாம்.

இன்னொன்று, நீல வெளிச்சம் ஒயரில் இல்லாமல் கேப்பில் தெரிந்தால் ஒயர் செட் வாங்கி ஒரு பிரயோஜனமும் இல்லை. கேப்பைக் கழற்றி உள்ளே வெளிச்சத்தில் பாருங்கள், பென்சிலால் கோடு இழுத்த மாதிரி ஒரு மெல்லிய கறுப்புக் கோடு ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கோ விளிம்புக்கோ ஓடினால் அது பொறி போய்ப் போய்க் கரி பிடித்த பாதை. அதைத் துடைத்தால் போகாது, கேப்பை மாற்றத்தான் வேண்டும். கேப்பின் நடுவில் ஸ்பிரிங்கோடு இருக்கும் சின்னக் கார்பன் குச்சி தேய்ந்து போயிருக்கிறதா, அழுத்தினால் திரும்பி வருகிறதா என்றும் பாருங்கள். கேப்புக்குள் சுற்றி ஒவ்வொரு ஒயருக்கும் பொறியைக் கொடுக்கும் ரோட்டாரை மாற்றிப் பல வருஷம் ஆகியிருந்தால் அதையும் கேப்போடு சேர்த்தே மாற்றிவிடுங்கள், பெரிய செலவு இல்லை.

சரி, கேப் நன்றாக இருக்கிறது, ஒயர்தான் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று வகை உண்டு. முதலாவது, உள்ளே முறுக்கிய செம்புக் கம்பி இழைகள் இருக்கும் ஒயர், மெக்கானிக் சொல்லும் காப்பர் ஒயர். மீட்டரில் வைத்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் ஓம் காட்டும். பல்லாண்டு உழைக்கும், எப்படி வளைத்தாலும் உள்ளே அறுந்து போகாது, முனையை வெட்டி மறுபடி மாட்டலாம். மோட்டார் சைக்கிளுக்கு மீட்டர் கணக்கில் விற்கும் எச்.டி. (ஹை டென்ஷன், அதாவது அதிக வோல்டேஜ்) ஒயரும் பெரும்பாலும் இதுதான், அதனால் சின்ன ஊர்க் கடையில் கூடக் கிடைக்கும்.

இதில் ஒரே ஒரு குறை. மார்க்கோனி முதல் முதலில் கம்பியில்லாத் தந்தி அனுப்பியது எதை வைத்து? ஒரு காயில், ஒரு இடைவெளியில் பாயும் பொறி, நீளமாக ஒரு கம்பி. உங்கள் பானெட்டுக்குள் இருப்பதும் அச்சு அசல் அதேதான், செம்பு ஒயர் போட்ட ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு குட்டி ரேடியோ நிலையம். மீடியம் வேவில் திருச்சி வானொலி கேட்டுக்கொண்டே போகிறவர் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க நாதஸ்வரத்தோடு பட படவென்று ஒரு தவிலும் சேர்ந்து வரும், அது வித்வான் வாசிப்பது இல்லை. பக்கத்து வீட்டு டி.வி.யிலும் புள்ளி அடிக்கும் என்பதால்தான் 1950களிலேயே மேல்நாடுகளில் இதற்கு மாற்றுத் தேடினார்கள். அந்தக் காலத்து அமெரிக்கக் கார்களில் ஒயரின் மேலேயே டி.வி.ஆர்.எஸ். என்று அச்சடித்திருப்பார்கள், டெலிவிஷனுக்கும் ரேடியோவுக்கும் இடைஞ்சல் செய்யாத ஒயர் என்று அர்த்தம்.

அந்த மாற்றுதான் இரண்டாவது வகை, கார்பன் ஒயர். உள்ளே கம்பியே இருக்காது, கண்ணாடி நார் மாதிரி ஒரு நூல், அதில் கார்பன் ஊறியிருக்கும். ஒரு அடிக்குச் சுமாராக 3,000 முதல் 7,000 ஓம் வரை காட்டும். இந்த எண்ணைக் கேட்டதும் சிலர் பதறுவார்கள், "ஐயோ அவ்வளவு ரெசிஸ்டன்ஸா, பொறி எப்படி வரும்" என்று. முன்னால் சொன்ன மில்லிஆம்பியர் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள்: 10,000 ஓம் ஒயரில் 30 மில்லிஆம்பியர் ஓடினால் இழப்பு 300 வோல்ட். காயில் தருவதோ இருபதாயிரம். அதுவும் பொறி பாய்வதற்கு முன்னால் ஒயரில் கரண்ட் ஓடுவதே இல்லை என்று சொல்லலாம், ஆக இடைவெளியைத் தாண்ட வேண்டிய வோல்டேஜ் அப்படியே ப்ளக் முனையில் போய் நிற்கும். பொறி எரியும் நேரம் கொஞ்சம் குறையும், உங்கள் 1,489 சி.சி. இன்ஜினுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. காயிலுக்கு உள்ளே சுற்றியிருக்கும் மெல்லிய கம்பிக்கே பல ஆயிரம் ஓம் உண்டு, அதை யாரும் குறை சொல்வதில்லை. பொறி பாயும் முதல் கணத்தில் வரும் திடீர் எழுச்சியை இந்த ரெசிஸ்டன்ஸ் மட்டுப்படுத்துவதால் ப்ளக் முனை தேய்வதும் குறைகிறது, அது கூடுதல் லாபம்.

கார்பன் ஒயரின் குறை வேறு: அதற்கு ஆயுள் குறைவு, முரட்டுக் கையும் ஆகாது. ப்ளக்கிலிருந்து கழற்றும்போது ஒயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே நூல் முனையை விட்டு நழுவிவிடும். நழுவிய இடத்தில் குட்டிப் பொறி பாய்ந்து பாய்ந்து நூல் எரிந்துகொண்டே போகும். வெளியே பார்த்தால் புத்தம் புதிதாக இருக்கும், உள்ளே செத்திருக்கும். மெக்கானிக்குகளுக்கு கார்பன் ஒயர் பிடிக்காமல் போனதற்கு இதுதான் காரணம், அவர்கள் அனுபவத்தில் சொல்வதில் பொய் இல்லை.

மூன்றாவது வகை, ஸ்பைரல் ஒயர். நடுவில் ஒரு காந்தத் தன்மையுள்ள கருவின்மேல் முடி மாதிரி மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். ரெசிஸ்டன்ஸ் கார்பன் ஒயரைவிடக் குறைவு, தயாரிப்பைப் பொறுத்து மாறும். ரேடியோ இரைச்சலை அந்தச் சுற்றே தடுத்துவிடும், கார்பன் நூல் மாதிரி எரிந்தும் போகாது. மூன்றிலும் பொதுவாக நல்லது இதுதான், விலையும் அதற்கேற்ற மாதிரி.

அப்படியானால் ஸ்பைரலை வாங்கிவிட்டால் முடிந்ததா? இங்கேதான் பல பேர் காசைத் தொலைக்கிறார்கள். போய் உங்கள் கேப்பைப் பாருங்கள். பழைய லூகாஸ் (பிரிட்டிஷ் கம்பெனி) மாதிரிக் கேப்புகளில் இரண்டு விதம் உண்டு. ஒன்றில் ஒயர்கள் மேலிருந்து நேராகக் கோபுரம் மாதிரி நிற்கும் குழாய்களுக்குள் இறங்கும், ஒவ்வொரு ஒயரின் முனையிலும் அழுத்திய பித்தளைத் தொப்பி ஒன்று இருக்கும், அது உள்ளே போய்க் கவ்விக்கொள்ளும். இன்னொன்றில் ஒயர்கள் பக்கவாட்டில் நுழையும், முனையில் தொப்பி எதுவும் இருக்காது, வெட்டிய ஒயரை அப்படியே துளைக்குள் சொருகி, கேப்பின் உட்புறத்திலிருந்து ஊசி மாதிரி கூர்மையான ஒரு ஸ்க்ரூவை முறுக்குவார்கள். அந்த ஸ்க்ரூ உறையைத் துளைத்துக்கொண்டு போய் உள்ளே இருக்கும் செம்பு இழைகளுக்கு நடுவில் குத்தி நிற்கும். அதுதான் இணைப்பு, வேறு ஒன்றும் கிடையாது.

இந்த இரண்டாவது விதக் கேப்பில் கார்பன் ஒயரைப் போட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஊசி நூலைக் குத்திப் பிளக்கும், பட்டும் படாமலும் நிற்கும், ஆறு மாதத்தில் அந்த இடம் எரிந்து பள்ளமாகும். ஸ்பைரலும் அப்படித்தான், ஊசி அந்த மெல்லிய சுற்றுக்கம்பியை அறுத்துவிடும். அதேபோல மரத்தில் திருகும் ஸ்க்ரூ மாதிரி ஒரு திருகை ஒயரின் வெட்டிய முனைக்குள் முறுக்கி ஏற்றும் ப்ளக் கேப், அதாவது ப்ளக்கின் தலையில் மாட்டும் மூடி, இருக்கிறதே, பைக்கில் எல்லாம் பார்த்திருப்பீர்கள், அதற்கும் செம்பு இழை ஒயர்தான் பொருந்தும். கேப்பில் ஊசி ஸ்க்ரூ, ப்ளக்கில் திருகு, இப்படி இருந்தால் மெக்கானிக் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, காப்பர் ஒயரைத் தவிர வேறு எதையும் யோசிக்காதீர்கள். ரேடியோ இரைச்சலுக்கு 5,000 ஓம் ரெசிஸ்டர் உள்ளே வைத்த ப்ளக் கேப் கிடைக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள், போதும்.

கோபுரம் வைத்த கேப் என்றால் மூன்று வகையும் பொருந்தும், அப்போதுதான் பாயிண்ட்டா எலக்ட்ரானிக்கா என்ற கேள்வி வருகிறது. பாயிண்ட்டும் கண்டென்சரும் இரும்புத் துண்டுகள் மாதிரி, அவற்றுக்கு ரேடியோ இரைச்சலைப் பற்றிக் கவலை கிடையாது, செம்பு ஒயரோடு எத்தனையோ வண்டிகள் காலம் காலமாக ஓடியிருக்கின்றன. ஆனால் பாயிண்ட் இடத்தில் உட்காரும் சின்ன எலக்ட்ரானிக் சென்சாருக்கு அந்த இரைச்சல் விஷம். அது எப்போது பொறி விட வேண்டும் என்று ரோட்டார் தண்டைப் பார்த்துக் கணிக்கிறது, அரை சாண் தூரத்தில் ஒரு குட்டி வானொலி நிலையம் கத்திக்கொண்டிருந்தால் தப்பாகக் கணிக்கும், சில நேரம் செத்தே போகும். இந்த மாட்யூல்களைத் தயாரிப்பவர்களே செம்பு ஒயர் கூடாது என்று பெட்டிக்குள் இருக்கும் தாளில் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். தாளை யார் படிக்கிறார்கள்? ஆக நீங்கள் எலக்ட்ரானிக் போடுவதாக இருந்தால் கார்பன் அல்லது ஸ்பைரல். உங்களிடம் பக்கவாட்டுக் கேப் இருந்தால், முதலில் கோபுரக் கேப்புக்கு மாறுங்கள், அதன்பிறகு ஒயர், அதன்பிறகு மாட்யூல். தலைகீழாகச் செய்தால் மூன்றுக்கும் இரண்டு தடவை காசு கொடுப்பீர்கள்.

ரெசிஸ்டர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ப்ளக்கின் நம்பரில் ஆர் என்ற எழுத்து இருந்தால் அதற்குள்ளேயே சுமார் 5,000 ஓம் ரெசிஸ்டர் இருக்கும் என்பது பொதுவான வழக்கம். அதோடு ரெசிஸ்டர் ப்ளக் கேப், அதோடு கார்பன் ஒயர், சில ரோட்டாரிலும் ரெசிஸ்டர் உண்டு, எல்லாம் சேர்ந்தால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இருபது இருபத்தைந்தாயிரம் ஓம் ஆகிவிடும். அப்போதும் வண்டி ஓடும், ஆனால் பல வருஷத்துக் காயில், தேய்ந்த பாயிண்ட், குளிர் காலை, சோர்ந்த பேட்டரி என்று எல்லாம் கூடி வரும் நாளில் அது உதவாது. ஒரு இடத்தில் ரெசிஸ்டர் இருந்தால் போதும், எங்கே என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தடிமனுக்கு வருகிறேன். உங்கள் வண்டிக்கு 7 மி.மீ. தான் சரி. கடைக்காரரின் 8 மி.மீ. ஒயரில் கூடுதலாக இருப்பது உறை மட்டும்தான், உள்ளே கம்பி தடி இல்லை. உறை தடியாக இருப்பது கெடுதல் இல்லை, அதிக வோல்டேஜ் விடும் இக்னிஷனுக்கு நல்லதும்கூட, ஆனால் பழைய கேப்பின் துளை 7 மி.மீ. ஒயருக்கு வார்த்தது, 8 மி.மீ. முழுசாக இறங்காது, அரைகுறையாக நிற்கும், மேலே ரப்பர் மூடி உட்காராது, மழைத்தண்ணீர் நேராக உள்ளே. எதற்காக ஒயர் மாற்றப் புறப்பட்டோமோ அதுவே திரும்பி வரும். பிக்கப் தூக்கும் என்பது பற்றி: பழைய செட் ஒழுகிக்கொண்டிருந்தால் எந்தப் புது ஒயர் போட்டாலும் பிக்கப் தூக்கும். அது புது ஒயரின் பெருமை இல்லை, பழைய ஒயர் தின்றதைத் திருப்பிக் கொடுத்தது அவ்வளவுதான்.

உறை சிலிக்கானா ரப்பரா என்றால், சிலிக்கான் சூடு நன்றாகத் தாங்கும், பல வருஷம் ஆனாலும் விறைக்காது, வெடிக்காது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (புகை வெளியேறும் சூடான குழாய்) ஒட்டி ஒயர் ஓடும் இன்ஜின்களில் அது வேண்டியதுதான். அம்பாசடரின் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) இன்ஜினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட்டும் ஒரு பக்கம், ப்ளக்கும் டிஸ்ட்ரிபியூட்டரும் மறுபக்கம், அந்த வடிவமைப்பு நமக்குச் சாதகம். சூட்டுக்காக மட்டும் சிலிக்கான் தேவையில்லை. ஆனாலும் விறைக்காத குணத்துக்காக நான் சிலிக்கானையே வாங்குவேன். அதற்கு இரண்டு பலவீனம் உண்டு, தெரிந்து வாங்குங்கள்: கூரான விளிம்பில் உரசினால் பாலாடைக்கட்டி மாதிரி கிழியும், பெட்ரோலும் ஆயிலும் ஊறினால் உப்பிப் போகும். வால்வு கவர் கேஸ்கெட் வழியாக ஆயில் கசியும் அம்பாசடர் என்றால் (கசியாத அம்பாசடர் ஏது?) முதலில் அந்தக் கேஸ்கெட்டைப் பாருங்கள். வெறும் பி.வி.சி. உறை போட்ட மலிவு ஒயரைத் தொடவே வேண்டாம், இரண்டு கோடை தாண்டுவதற்குள் விறைத்துவிடும்.

வாங்கும் இடம் பற்றி, சென்னை என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் தேடலாம், கோவையில் இருந்தால் பழைய வண்டி உதிரிபாகம் விற்பவர்களிடம் கேட்கலாம், ஆனால் ஒயர் மட்டும் பழையது வாங்காதீர்கள், பத்து வருஷம் அலமாரியில் கிடந்த "புதுசு"ம் பழையதுதான். செட்டாகக் கட்டி விற்பதை வாங்கினால் கையோடு மல்டிமீட்டர் கொண்டுபோங்கள். ஒருமுறை பளபளவென்று நீல நிறத்தில் ஒரு செட் வாங்கி மாட்டினேன், எங்கே வாங்கினேன் என்பது வேண்டாம், முதல் நாளே ஒரு சிலிண்டர் பேசவில்லை. ஒயரின் முனையை அறுத்துப் பார்த்தால், பித்தளைத் தொப்பியை உறையின் மேல் அழகாக அழுத்தியிருக்கிறார்கள், கார்பன் நூலோ அதற்கு அரை அங்குலம் உள்ளே பின்வாங்கி நிற்கிறது, தொப்பியைத் தொடவே இல்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் வராத கல்யாண மண்டபம். கடையிலேயே மீட்டர் வைத்திருந்தால் முள் அசையாததைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

மீட்டரை எப்படி வைப்பது என்றால், இருபதாயிரம் ஓம் வரம்பில் வைத்து இரண்டு முனைகளையும் தொட்டு, அளவு வந்ததும் ஒயரை மெதுவாக வளைத்து, முனைகளைச் சற்றே திருகிப் பாருங்கள். எண் ஆடாமல் நின்றால் நல்லது, குதித்தால் வேண்டாம். நாலு ஒயரும் ஒரே எண் காட்டாது, நீளத்துக்கு ஏற்பக் கூடக் குறைய இருக்கும், அது சரிதான். ஆனால் ஒரு விஷயம், மீட்டர் சொல்வது உள்ளே இருப்பதைப் பற்றி மட்டும்தான், உறை ஒழுகுகிறதா என்று அது சொல்லவே சொல்லாது. என் பத்மினியில் நீலப்பொறி விட்ட அந்த ஒயர் மீட்டரில் தேர்ச்சி பெற்ற ஒயர்.

நீங்களே செட் கட்டுவதாக இருந்தால் நீளத்தை ஊகத்தில் வெட்டாதீர்கள். ஒரு சணல் கயிறை ஒயர் போகும் வழியிலேயே வளைத்து வைத்து ஒவ்வொன்றையும் அளந்து, இரண்டு அங்குலம் கூட்டி வெட்டுங்கள். கார்பன் ஒயர் என்றால் உறையை முனையில் அரை அங்குலம் சீவும்போது கத்தி நூலில் படவே கூடாது. நூலை உறையின்மேல் பின்புறமாக மடித்து வைத்து, அதன்மேல் தொப்பியை ஏற்றி, அதற்கென்று இருக்கும் கிரிம்ப் கருவியால் அழுத்த வேண்டும், நூல் தொப்பிக்கும் உறைக்கும் நடுவில் நசுங்கிப் பிடித்துக்கொள்ளும். கட்டிங் பிளேயரால் கடித்தால் நூல் அறுந்துவிடும். செம்பு என்றால் இவ்வளவு நாசூக்கு தேவையில்லை, இழைகளை விரித்து மடித்து அழுத்தினால் ஆயிற்று.

மாட்டும்போது ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டுங்கள். நாலு ப்ளக் ஒயரும் காயில் ஒயருமாக ஐந்தையும் ஒரே நேரத்தில் பிடுங்கிப் போட்டுவிட்டு எது எங்கே என்று முழிப்பவர்களை வாரத்துக்கு ஒருவர் பார்க்கலாம். அப்படி ஆகிவிட்டால், வரிசை 1-3-4-2, ரோட்டார் சுற்றுவது கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில், ரேடியேட்டர் பக்கம் இருப்பது ஒன்றாம் சிலிண்டர்.

அந்த வரிசையில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. மூன்றுக்கு அடுத்து நாலு, இரண்டுக்கு அடுத்து ஒன்று. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள்தான் அடுத்தடுத்துப் பொறி விடுகின்றன. மூன்றாவதில் பொறி விழும் நேரத்தில் நாலாவது சிலிண்டர் காற்றும் பெட்ரோலும் நிரம்பி, பிஸ்டன் அப்போதுதான் மேலே ஏறத் தொடங்குகிறது. மூன்றின் ஒயரும் நாலின் ஒயரும் ஒன்றோடொன்று ஒட்டி நீள நெடுகப் போனால், மூன்றின் துடிப்பு நாலில் ஒரு சின்னத் துடிப்பைத் தூண்டும், நேரத்துக்கு முன்னால் பற்றிக்கொண்டால் பிஸ்டன் தலையில் சுத்தியல் அடி. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று நாலு ஒயரையும் சடை பின்னிய மாதிரி டேக் போட்டு இறுக்குகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். இடைவெளி விட்டு ஓடவிடுங்கள், சேர்ந்துதான் போக வேண்டும் என்றால் குறுக்கே கடந்து போகட்டும், இணையாகப் போக வேண்டாம். பிளாஸ்டிக் பிரிப்பான் கிளிப் கிடைக்கும். தகரக் கிளிப் வேண்டாம் என்று நான் ஏன் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

ப்ளக்கின் மேல் மாட்டும் ரப்பர் மூடிக்குள் பட்டாணி அளவு சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள், தண்ணீர் ஏறாது, அடுத்த தடவை கழற்றும்போது ஒட்டிக்கொள்ளாது. சாதா கிரீஸ் வேண்டாம், ரப்பரைத் தின்றுவிடும். கழற்றும்போது ஒயரைப் பிடித்து இழுக்காமல், மூடியைப் பிடித்து முதலில் கால் திருப்பு திருப்பி, பிறகு இழுங்கள். இன்ஜின் ஓடும்போது ஒயரைப் பிடுங்கி எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்கும் பழைய பழக்கத்தை எலக்ட்ரானிக் போட்ட பிறகு விட்டுவிடுங்கள், போக வழியில்லாத அந்த வோல்டேஜ் மாட்யூலைத் தேடிக்கொண்டு போகும்.

உங்கள் வண்டிக்கு நான் என்ன செய்வேன்? இந்த வாரம் ராத்திரி ஸ்ப்ரே சோதனை. கேப் கோபுர வகை, இப்போதைக்குப் பாயிண்ட், பின்னால் எலக்ட்ரானிக் என்றால் 7 மி.மீ. சிலிக்கான் உறை போட்ட ஸ்பைரல் செட், சாதா ப்ளக், வேறு ரெசிஸ்டர் எதுவும் வேண்டாம். கேப் ஊசி ஸ்க்ரூ வகை, பாயிண்ட்டையே வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் 7 மி.மீ. காப்பர் ஒயர், 5,000 ஓம் ப்ளக் கேப், முடிந்தது. இரண்டிலும் காயிலிலிருந்து கேப்புக்கு வரும் நடு ஒயரை மறந்துவிடாதீர்கள். நாலையும் மாற்றிவிட்டு அதை மட்டும் பழையதாக விட்டுவிடும் பழக்கம் நம் ஊரில் அதிகம், ஆனால் மற்ற நாலும் ஆளுக்கொரு பொறி சுமந்தால் அது நாலு பொறியையும் சுமக்கிறது, அது ஒழுகினால் எல்லா சிலிண்டரும் போச்சு. மழைக்காலையில் ஸ்டார்ட்டே ஆகாமல் அடம் பிடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், எனக்கு முதல் சந்தேகமே அந்த நடு ஒயர்மேல்தான்.

அப்புறம், மாற்றிய பழைய செட்டில் உறை நன்றாக இருக்கும் நீளமான ஒயர் ஒன்று தேறினால் தூக்கிப் போடாமல் ஒரு துணியில் சுற்றி டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் போட்டு வையுங்கள். இந்த வண்டிகள் வாரக்கணக்கில் ஷெட்டில் சும்மா நிற்கும்போது, எலிக்கு சிலிக்கான் ஒயர் என்றால் கொள்ளைப் பிரியம்.